தொட்டிக்குள் யார்?

1853 மே மாதம் இலண்டன் விலங்கியல் தோட்டத்தில் மீன் இல்லம் என்றொரு கட்டடம் திறந்தார்கள். மீனைப் பக்கவாட்டில் நின்று பார்க்கலாம் என்பதுதான் அன்றைய புதினம். அதுவரை குளத்தங்கரையில் குனிந்து பார்த்தவர்களுக்கு மீன் என்றால் ஒரு முதுகு, அவ்வளவே. ஏழு வருடம் கழித்து, 1860இல், அந்த இல்லத்தைப் பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு கைநூல் வெளிவந்தது. எழுதியவர் பெயர் ஹோல்ட்ஸ்வர்த். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் அந்த மனிதரை மன்னார்க் கரையில், அரிப்பில் காண்கிறோம். கண்ணாடித் தொட்டிக்கு வழிகாட்டி எழுதியவரை அரசாங்கம் கடலுக்கு அனுப்பியது. கையில் ஒரே ஒரு கேள்வி: முத்துச்சிப்பிகள் எங்கே போகின்றன?

கேள்வி பழையது. முத்துக்குளிப்புப் பருவங்களை மேற்பார்வை செய்யவென்று தேசாதிபதி நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் அரிப்புக் கரைமேட்டில் ஒரு மாளிகை எழுப்பினார். ஊரார் அதையும் பழங்கதை அரசி அல்லிராணியின் பெயரோடு சேர்த்துவிட்டார்கள். மாளிகை இருந்தது, மேற்பார்வைக்கு அடிக்கடி ஒன்றும் இருக்கவில்லை. 1837க்குப் பிறகு 1855 வரை சலாபமே, அதாவது முத்துக்குளிப்பே, நடக்கவில்லை. 1864 முதல் பத்து வருடம் மறுபடி வறட்சி. 1892 முதல் இன்னொரு நீண்ட இடைவெளி. சிப்பி வளரும் கடலடிப் பார்களில் குஞ்சுச் சிப்பி கம்பளம் விரித்ததுபோல் கிடக்கும். அடுத்த வருடம் குளியாளி இறங்கிப் பார்த்தால் வெறும் மணல். யார் தின்றது, யார் திருடியது, எங்கே பெயர்ந்து போனது என்று ஆளாளுக்கு ஒரு விளக்கம்.

இதே கரையில் இன்று ஒரு வீட்டுக் கூடத்தில் இரண்டடி மீன்தொட்டி இருந்தால், அங்கேயும் ஒரு காலையில் இதே கேள்வி எழும். நேற்று இரவு பன்னிரண்டு மீன். காலையில் ஒன்பது. இரண்டு மிதக்கின்றன, ஒன்றைக் காணவே காணோம். மீனைக் கூறு போட்டு விற்கும் ஊரில், பெருவிரல் நீள மீன் மூன்று செத்ததற்கு ஒருவர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அயல்வீட்டுக்காரர் சிரிக்கக்கூடும். சிரித்து முடிந்ததும் அவரும் தொட்டிக்குக் கிட்ட வந்து குனிந்து, ஒரு மீனைக் காட்டி, "இதுதான் கடிச்சிருக்கும்" என்பார்.

அங்கேதான் பிசகு தொடங்குகிறது. கண்ணாடி என்பது எல்லாவற்றையும் காட்டிவிட்டதாக நம்பவைக்கும் பொருள். உள்ளே இருப்பவை மீன்கள். ஆகவே குற்றவாளியும் ஒரு மீனாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் தொட்டியில் எண்ணிக்கையில் மிகப் பெரிய கூட்டம் எது என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்வதில்லை. அது மணலிலும் பில்டர் பஞ்சிலும் கல்லின் வழுவழுப்பிலும் ஒட்டிக்கிடக்கும் பற்றீரியா. மீன் தின்பதும் கழிப்பதும் அமோனியாவாகிறது. ஒரு கூட்டம் அதை நைத்திரைற்றாக மாற்றுகிறது, இன்னொரு கூட்டம் அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றுகிறது. முதல் இரண்டும் நஞ்சு. மூன்றாவது பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளக்கூடியது. வாரந்தோறும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். புதுத் தொட்டியில் இந்தக் கூட்டங்கள் குடியேற நாலிலிருந்து ஆறு கிழமை பிடிக்கும். தொட்டி வாங்கிய அன்றே பன்னிரண்டு மீனையும் வாங்கிவருகிறவர், சமையல்காரர் இல்லாத மண்டபத்துக்கு விருந்தாளிகளை அழைத்துவருகிறார். இங்கே விருந்தாளிகள் பசியால் சாவதில்லை, தங்கள் கழிவால் சாகிறார்கள்.

இந்தக் கணக்கு விளங்குவதற்கு ஒரு குடும்பத்தில் இரண்டு தலைமுறை சென்றது.

1849இல் இலண்டன் வேதியியலாளர் ரொபேர்ட் வாரிங்டன் பன்னிரண்டு கலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் இரண்டு சிறிய தங்கமீன்களையும் வலிஸ்னேரியா என்ற நாடாப் பாசியையும் வைத்தார். பாசி ஒட்சிசன் கொடுக்கும், மீன் மூச்சுவிடும், இரண்டும் ஒன்றையொன்று தாங்கும் என்பது அவர் எண்ணம். சில நாளில் பழுத்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகள் ஐந்தாறைப் பிடித்து விட்டார். அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. 1850இல் இதை வேதியியல் சங்கத்தில் கட்டுரையாகப் படித்தார். வீட்டுத் தொட்டியில் வந்த கோளாறை ஒருவர் நிதானமாக ஆராய்ந்து திருத்தி அச்சில் ஏற்றிய முதல் பதிவுகளில் இது ஒன்று. நத்தையைக் கண்டால் நசுக்குகிற இன்றைய தொட்டிக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வாரிங்டனின் விளக்கம் பாதிதான் சரி. பாசியும் மீனும் நத்தையும் அவர் கண்ணுக்குத் தெரிந்தன. தெரிந்தவற்றைக் கொண்டே கணக்கை முடித்தார். அப்போது அவருடைய மகனுக்குப் பத்துப் பதினொரு வயது. அவன் பெயரும் ரொபேர்ட். வளர்ந்து ரொதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த மகன், மண்ணில் அமோனியா எப்படி நைத்திரேற்றாகிறது என்று ஆண்டுக்கணக்காகத் தேடினார். அது ஓர் உயிரியின் வேலை அல்ல, இரண்டு உயிரிகள் அடுத்தடுத்துச் செய்யும் வேலை என்று அவர் கண்டார். அவற்றைத் தனியே பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. 1890 வாக்கில் வினோகிராத்ஸ்கி என்ற ஆய்வாளர் அதைச் செய்தார். தகப்பனின் கணக்கில் விடுபட்டுப்போனது இதுதான் என்பதை மகன் எப்போதாவது எண்ணிப் பார்த்தாரோ என்னவோ, வயல் மண்ணில் கண்டுபிடித்தது முழுவதும் அந்தத் தங்கமீன் பாத்திரத்தின் அடியில் கிடந்ததுதான்.

கதை அத்தோடு முடியவில்லை. இரண்டு உயிரி, இரண்டு படி என்பது நூறு வருடத்துக்கு மேல் பாடநூலில் இருந்தது. 2015இல், இரண்டு படியையும் தனியே செய்து முடிக்கும் ஒரு பற்றீரியா உண்டு என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதை அவர்கள் எடுத்த இடங்களில் ஒன்று, நெதர்லாந்தில் ஒரு மீன் வளர்ப்புத் தொகுதியின் வடிகட்டி.

அரிப்புக் கரைக்குத் திரும்பலாம். மன்னாரின் நிலத்தடியில் நெடுக ஓடுவது சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் கடினம்; கேத்தலுக்குள் வெள்ளையாகப் படியும். கடலுக்குக் கிட்டப் போகப் போக உவர்ப்பும் சேரும். மீன்தொட்டிப் புத்தகங்கள் பெரும்பாலும் வேறு தண்ணீரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இங்கே இரண்டு விடயங்கள் மாறிப்போகின்றன.

முதலாவது, அமோனியாவின் குணம். தண்ணீரில் அது இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று மீனின் செவுளுக்குள் நுழையும், மற்றது அவ்வளவாக நுழையாது. காரத்தன்மை ஏற ஏற நுழையும் வடிவம் கூடும். 28 பாகை வெப்பத்தில், பீஎச் 7 ஆக இருக்கும் தண்ணீரில், மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட அந்த வடிவில் இல்லை. பீஎச் 8 என்றால் நூற்றில் ஆறு ஏழு. எட்டரை என்றால் பதினெட்டு. நுவரெலியாவில் ஒரு தொட்டி தாங்கும் அழுக்கை மன்னாரில் ஒரு தொட்டி தாங்காது என்பதற்கு வெப்பம் மட்டும் காரணமல்ல, அடியில் கிடக்கும் கல்லும் காரணம். கடற்கரையில் பொறுக்கிய சிப்பியையும் பவளத் துண்டையும் அழகுக்காகத் தொட்டியில் போடுகிறவர், இருக்கிற சுண்ணாம்புக்கு மேல் சுண்ணாம்பு சேர்க்கிறார்.

கொழும்பிலிருந்து மன்னாருக்குப் பஸ்ஸில் வரும் மீன்பையிலும் இதே வித்தைதான் நடக்கிறது. கட்டிய பைக்குள் மீன் விடும் மூச்சில் காபனீரொட்சைட்டு நிறைந்து தண்ணீர் சற்று அமிலப்படும். ஆகவே ஏழெட்டு மணிநேரத்துக் கழிவும் பெரிதாகத் தீங்கு செய்யாமல் கிடக்கும். வீட்டுக்கு வந்து பையைத் திறந்து, தொட்டித் தண்ணீரைத் துளித்துளியாக இரண்டு மணிநேரம் விட்டுப் பழக்குகிறார் ஒருவர். காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது, சுண்ணாம்புத் தண்ணீர் சேர்கிறது, பைக்குள் உறங்கிய அமோனியா விழித்துக்கொள்கிறது. அக்கறை கூடியதால் செத்த மீன்கள் இவை. தூரத்திலிருந்து வந்த பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, திறந்ததும் அதிக நேரம் கடத்தாமல், வலையால் மீனை மட்டும் எடுத்து உள்ளே விடுவதே மேல். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

இரண்டாவது, எந்த மீன் என்பது. விலங்கியலாளர் தெரணியகல 1929இல் விவரித்த செரி பார்ப் இலங்கைக்கே உரிய மீன். ஆனால் அது தென்மேற்கு ஈரவலயத்தில், நிழல் விழும் ஓடைகளில், மென்மையான தண்ணீரில் வாழ்ந்து பழகியது. மன்னார்க் கிணற்றுத் தண்ணீர் அதற்கு அந்நிய தேசம். கப்பியோ தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. இந்த உவரும் கடினமும் அதற்கு வீட்டுச் சாப்பாடு. மொலி மீனும் அப்படியே. பிறந்த நாட்டைப் பார்த்து மீன் வாங்கக் கூடாது, பிறந்த தண்ணீரைப் பார்த்து வாங்க வேண்டும்.

கப்பி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அதே வருடக் கடைசியில் மன்னார்த் தீவில், அதுவரை இந்நாட்டில் காணப்படாத மலேரியா நுளம்பு இனம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அது கிணறுகளில் பெருகுவது. குடம்பியைத் தின்னும் கப்பி போன்ற மீன்களைக் கிணற்றில் விடுவதும் தடுப்பு வழிகளில் ஒன்றாயிற்று. கிணற்றுக்குள் மோட்டர் இல்லை, பஞ்சு இல்லை, மருந்துப் புட்டி இல்லை. ஆனாலும் கப்பி உயிரோடிருக்கிறது, குஞ்சும் போடுகிறது. ஆயிரக்கணக்கான லீட்டருக்குச் சில மீன், யாரும் தீனி போடுவதில்லை, சுவர் முழுக்கப் பாசி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் விளிம்புவரை நிரப்பினாலும் ஐம்பத்தாறு லீட்டர்தான் பிடிக்கும். மணலும் கல்லும் போக நாற்பத்தைந்து. அதற்குள் பன்னிரண்டு மீனை விட்டு மூன்று வேளை தீனி தூவுகிறவர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.

கடிக்கிற மீனே இல்லையா என்றால், உண்டு. டைகர் பார்ப் மூன்றைக் கப்பிகளோடு விட்டால் ஒரு கிழமையில் கப்பியின் வால் கந்தலாகும். அதற்கும் பரிகாரம் பெரும்பாலோர் நினைப்பதற்கு எதிரானது. மூன்றை ஒன்றாகக் குறைத்தால் தொல்லை கூடும். எட்டாகக் கூட்டினால் அவை தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடும். அந்த எட்டுக்கும் இடம் கொடுக்கப் பெரிய தொட்டி வேண்டும் என்பது வேறு விடயம். மோசமான மீன் என்று பட்டம் சூட்டப்பட்டவற்றில் பாதி, கூட்டம் கிடைக்காத மீன்கள்.

முத்துக்குளிப்பிலும் கண்ணுக்குத் தெரிந்த குற்றவாளிகளுக்குக் குறைவில்லை. முதலில் சுறா. சுறாவின் வாயைக் கட்டக் கடல்கட்டி என்ற மந்திரக்காரரை அரசாங்கமே கூலி கொடுத்து வைத்திருந்தது. அவர் கரையிலிருந்து மந்திரம் சொல்லாவிட்டால் குளியாளிகள் இறங்க மாட்டார்கள். உண்மையில் சலாபங்களில் சுறா கடித்த சம்பவங்கள் மிக அரிது. வெள்ளைக்கார அதிகாரிகள் இதைச் சிரிப்போடு எழுதினார்கள், கூலியையும் ஒழுங்காகக் கொடுத்தார்கள். இன்றைய தொட்டிக்காரரின் அலமாரியில் இருக்கும் நீல நிற மருந்துப் புட்டிக்கும் பாதி நேரம் கடல்கட்டியின் உத்தியோகம்தான்.

சிப்பிகள் எங்கே போகின்றன என்ற அதே கேள்வியை ஆராய 1902 தொடக்கத்தில் பேராசிரியர் ஹேர்ட்மனும் ஜேம்ஸ் ஹோர்னலும் வந்தார்கள். 1903க்கும் 1906க்கும் இடையில் றோயல் சொசைட்டி ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட அவர்களுடைய அறிக்கை இன்றும் வாசிக்கத் தக்கது. சிப்பியைத் தின்னும் கிளாத்தி மீன், திருக்கை, நட்சத்திர மீன், ஓட்டைத் துளைக்கும் பஞ்சுயிரி, நெரிசல், நகரும் மணல் என்று சந்தேக நபர்கள் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்கள். அதில் ஒரு விசித்திரம் உண்டு. முத்தின் கருவாக இருப்பது ஒரு நாடாப்புழுவின் குடம்பி என்று ஹேர்ட்மன் நம்பினார். அந்தப் புழு வளர்ந்து முதிர்வதோ சிப்பி தின்னும் திருக்கையின் வயிற்றில். அப்படியானால் சிப்பியைக் காப்பாற்றத் திருக்கையை ஒழித்தால் முத்தும் ஒழிந்துபோகும்! கொள்கையைப் பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். ஆனாலும் அந்த ஒரு கணம், எதிரி என்று நினைத்ததைத் தூக்கி வெளியே போடக் கை நீட்டி நடுவழியில் நின்ற கணம், தொட்டி வைத்திருக்கும் எவருக்கும் விளங்கும்.

பெரியபார் என்ற சிப்பிப் பாரின் கதை இன்னும் கனமானது. 1902 மார்ச்சில் அங்கே குஞ்சுச் சிப்பி கணக்கில்லாமல் கிடந்தது. நவம்பரில் ஹோர்னல் திரும்பிப் போய்ப் பார்த்தபோது ஒன்றும் மிச்சமில்லை. மீன் தின்றதல்ல, ஆழ்கடலின் விளிம்பில் கிடக்கும் அந்தப் பாரைத் தென்மேற்குப் பருவக்காற்றின் நீரோட்டம் வழித்துத் துடைத்துவிட்டது. அங்கே பல தடவை குஞ்சு விழுந்தும் அறுவடைவரை தங்கியதில்லை என்பது பழைய பரிசோதனைக் குறிப்புகளிலேயே இருந்தது. குஞ்சுகளை அள்ளிப் பத்திரமான பார்களுக்கு மாற்றுங்கள் என்று அறிக்கை சொன்னது. 1905இல் எட்டுக் கோடிச் சிப்பி எடுத்த மகா சலாபம் வந்ததும் எல்லாருக்கும் நம்பிக்கை தலைக்கேறியது. 1906இல் ஒரு கம்பனி, வருடம் மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபாய்க்கு இருபது வருடக் குத்தகை எழுதியது. 1907க்குப் பிறகு பார்கள் மறுபடி வெறுமையாயின. சில வருடத்தில் கம்பனியும் கலைந்தது.

ஹோல்ட்ஸ்வர்த்துக்கு முன்னால் கெலார்ட் என்ற இலங்கையர், இராணுவ வைத்தியர், 1857 முதல் திருகோணமலையில் சிப்பிகளைப் பாத்திரங்களில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாறையோடு தன்னைக் கட்டியிருக்கும் நாரைச் சிப்பி தானே அறுத்துக்கொண்டு நகரும், பிடித்த இடத்தில் புதிதாக நார் பின்னிக்கொள்ளும் என்று அவர் கண்டார். அதுவரை சிப்பி என்றால் கல்லோடு கல். மந்திரமோ மருந்தோ இல்லாமல், பாத்திரத்தின் முன் உட்கார்ந்து கண்டது இது.

உட்கார்ந்து பார்க்கிறவருக்குத் தொட்டி நிறையச் சொல்லும். விடியற்காலையில் எல்லா மீனும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடினால் ஒட்சிசன் போதவில்லை. இருபது பாகையில் ஒரு லீட்டர் தண்ணீர் ஒன்பது மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும், முப்பதில் ஏழரைதான். நடுப்பகலிலும் அப்படியே செய்தால் அமோனியாவையோ நைத்திரைற்றையோ சந்தேகிக்க வேண்டும். நைத்திரைற்று இரத்தத்தைக் கபில நிறமாக்கி ஒட்சிசன் சுமக்க விடாது. கறியுப்பில் ஒரு சிட்டிகை கரைத்து விட்டால் அதன் குளோரைட்டு செவுள்வாசலில் முந்திக்கொண்டு நைத்திரைற்றைத் தடுக்கும். உவர்க் கிணற்றுத் தண்ணீர் இந்த உதவியைச் சொல்லாமலே செய்துகொண்டிருக்கிறது. குழாய்த் தண்ணீர் மாற்றி ஒரு மணிநேரத்துக்குள் எல்லாம் சாய்ந்தால் குளோரின். ஒரே ஒரு மீன் மட்டும் மூலையில் செட்டையை மடக்கிக்கொண்டு நின்றால் அப்போதுதான் நோய் என்று நினைக்க வேண்டும்.

நோய்களில் ஊரின் பெயரையே தாங்கிய ஒன்று உண்டு. மீன் கல்லில் போய் உரசி உரசித் திரும்பும், அரிப்புத்தான். இரண்டொரு நாளில் உடம்பில் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். மருந்து விடுகிறார்கள், புள்ளி மறைகிறது, மருந்தை நிறுத்துகிறார்கள். ஒரு கிழமையில் முன்பைவிடப் பத்து மடங்கு. புள்ளியாகத் தெரிவது தோலுக்குள் பதுங்கித் தின்னும் ஒட்டுண்ணி. அங்கே மருந்து எட்டாது. தின்று முடித்து உதிர்ந்து, அடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்காகப் பிரிந்து, நீந்தி அடுத்த மீனைத் தேடும் அந்தச் சில மணிநேரத்தில்தான் மருந்துக்கு வேலை. புள்ளி மறைந்த நாள் குணமான நாள் அல்ல.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு வந்தது. அப்படி மோட்டர் நின்றால் மீனைவிட முதலில் மூச்சடைப்பது மூடிய பில்டருக்குள் இருக்கும் பற்றீரியாவுக்கு. கறன்ட் வந்தவுடன் சுவிட்சைப் போட்டால் உள்ளே அழுகிய தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் பாயும். பில்டரைக் கழற்றி அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து மாட்ட வேண்டும். குழாயடியில் அலசினால் மிச்சமிருந்ததும் போகும். மீன் செத்த துக்கத்தில் தொட்டியைக் கவிழ்த்து, மணலைக் கழுவி, கண்ணாடியைத் தேய்த்து, எல்லாவற்றையும் பளபளவென்று வைப்பவர் ஆறு கிழமைக் குடியேற்றத்தை அரை மணியில் கலைக்கிறார். அடுத்த தொகுதி மீனும் சாகும்போது கடைக்காரரைத் திட்டுவார்.

ஒழுங்காகத் தொடங்க நினைக்கிறவர் செய்வது வெளியார் கண்ணுக்குப் பைத்தியக்காரத்தனம். வெறும் தண்ணீரும் மணலுமாகத் தொட்டியை நிரப்பி, மோட்டரை ஓடவிட்டு, ஒரு மீனும் விடாமல், குசினியிலிருந்து ஓர் இறாலை எடுத்து உள்ளே போடுவார். அது அழுகும். அமோனியா ஏறும், பிறகு நைத்திரைற்று ஏறும், இரண்டும் மெல்ல இறங்கும். கிழமைக்கணக்கில் கூடத்தில் ஒரு வெற்றுத் தொட்டி குமிழி விட்டுக்கொண்டிருக்கும். குழம்புக்கு வைத்த இறாலில் ஒன்று குறைவதைக் கண்டுபிடித்த அம்மா, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி கூடத்துக்கு வந்து நின்று கேட்பார்.

"ஆருக்கடா இந்த இறால்? உள்ளுக்கு ஒண்டும் இல்லையே."

"இருக்கினம் அம்மா."